கலங்கரை விளக்கமும் பவளப் பாறையும்

எம் கல்லூரியின் விலங்குநூற் காட்சிசாலையில், கண்ணாடிப் பேழை ஒன்றனுள், வெண்ணிறப் பவளக்கல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மான்கொம்பு போலக் கிளைத்து, நுனிதோறும் அரும்பு கட்டினாற்போல் அமைந்த அதன் தோற்றம் காண்பார் கண்ணைக் கவர்வது. தமிழ் வகுப்பினின்றும் நூல்நிலையத்துக்குச் செல்லும் வழியில் அக்காட்சிசாலை இருத்தலின், யாம் பன்முறை அதன்முன் நின்று, முல்லையின் வெண்மையும் மான்கொம்பின் வடிவும் ஒருங்கே பெற்ற பொருள் என்று அதனை வியந்ததுண்டு. ஒருநாள் அங்ஙனம் நின்றபோது, விலங்குநூல் பயிலும் நண்பர் ஒருவர் அருகே வந்து, "புலவரே, நீர் இத்துணைப் புகழ்வது ஓர் எலும்பை அல்லவா?" என்று நகைத்தார். உயிரோடிருந்த காலத்தில் அப்பவளம் பழுப்போ பச்சையோ நீலமோ ஆகிய நிறம் பெற்றிருக்குமென்றும், வெண்மை அதன் அழகன்று, இறப்பின் அடையாளமே என்றும் அவர் விளக்கினார். யாம் நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அதன்பின் பவளத்தைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தபோது, ஆஸ்திரேலியாவின் வடகீழ்க் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சிறு தீவும், அதன்மேல் நிற்கும் கலங்கரை விளக்கமும், அதனைச் சூழ்ந்த பவளப் பாறையும் எம் உள்ளத்தைப் பிணித்தன. அத்தீவை யாம் கண்ணாற் கண்டிலேம். எனினும், பவளம் வெளுக்கும் செய்தி முதன்முதல் செவ்வையாக ஆராய்ந்து எழுதப்பெற்ற இடங்களுள் அஃது ஒன்றாதலின், கற்றதனை உடன்பயிலும் அன்பர்க்குத் தொகுத்துக் கூற விழைந்தோம்.

சொல்லும் பொருளும்

பவளம் என்னும் சொல் யாவர்க்கும் பழகியது. துகிர் என்பது அதற்கு வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று. ஆயின் அணிகலனுக்கு ஆகும் செம்பவளம் வேறு. கடலுட் பாறையாய் வளரும் பவளம் வேறு. முன்னது மத்தியதரைக் கடல் முதலியவற்றில் ஒளி குறைந்த இடங்களில் வளர்வது; அதன் உட்கல்லே சிவந்தது. பின்னது வெப்பமான கடல்களில், ஞாயிற்றின் ஒளி படும் ஆழத்திற் செழித்துப் பாறை கட்டுவது. அதன் உட்கல் வெள்ளியது. நிறம் மேற்போர்த்த உயிர்த்தசையைச் சார்ந்தது. இதனை ஈழத் தமிழர் முருகைக்கல் என்பர். இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். யாம் பேழைமுன் மயங்கியது இதனை அறியாமையினாலேயாம்.

இனி, கலங்கரை விளக்கம் என்பது சிலப்பதிகாரத்திலேயே பயின்ற சொல். கலம் என்பது மரக்கலம். கரைதல் என்பது அழைத்தல். எனவே, மரக்கலங்களை அழைக்கும் விளக்கு என்பது பொருளாயிற்று. உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய விளக்கைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படையும் கூறும். இங்ஙனம் நம் முன்னோர் துறைமுகத்தில் ஏற்றிய விளக்கு 'வருக' என்று அழைத்தது. கடல் நடுவே பாறையின்மேல் ஏற்றிய விளக்கோ, 'அணுகற்க' என்று விலக்குவது. பெயர் ஒன்றாயினும் தொழில் இரண்டு. யாம் கூறப்புகுந்த விளக்கு இவ்விரண்டாம் வகையினது.

தீவும் விளக்கும்

குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் போர்ட் டக்ளஸ் என்னும் ஊருக்கு எதிரே, கரையினின்றும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், 'லோ ஐல்ஸ்' எனப்படும் தாழ்ந்த தீவுகள் இரண்டு உள. ஒன்று மணல்மேடு, மற்றொன்று கண்டல் மரங்கள் அடர்ந்தது. இரண்டும் ஒரே பவளப் பாறையின்மேல் அமைந்தவை. அப்பாறையோ, 2,300 கிலோமீட்டர் நீளம் பரந்து கிடக்கும் 'கிரேட் பாரியர் ரீப்' என்னும் பெரும் பவளத் தொடரின் ஒரு சிறு துணுக்கேயாம்.

இப்பெருந்தொடர் மாலுமிகளுக்கு எத்துணை அச்சம் விளைத்தது என்பதற்கு ஒரு வரலாறு போதும். 1770-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் இரவு, ஜேம்ஸ் குக் என்னும் ஆங்கிலக் கடலோடியின் 'எண்டெவர்' கப்பல், இத்தீவுகள் உள்ள கடலைக் கடந்து வடக்கே செல்லுங்கால், நீருள் மறைந்த பவளப் பாறை ஒன்றன்மேல் மோதி நின்றது. பீரங்கி ஆறும், பாரப்பொருள் பலவும் கடலில் எறியப்பட்டன. ஏறத்தாழ 23 மணிநேரம் கழித்தே கப்பல் மீண்டும் மிதந்தது. பின்னர்க் கரை சேர்த்துப் பார்த்தபோது, அடிப்பலகையைத் துளைத்த பவளத்தின் துண்டு ஒன்று முறிந்து அத்துளையிலேயே அடைத்துக்கொண்டிருந்தமை தெரிந்தது. கப்பலைக் கெடுத்த பவளமே அதனைக் காக்கவும் உதவிற்று. எறியப்பட்ட பீரங்கிகள் 1969-ஆம் ஆண்டில்தான் கடலடியினின்றும் கண்டெடுக்கப்பட்டன.

இத்தகைய இடர்களினின்றும் கப்பல்களைக் காத்தற்பொருட்டே, 1878-ஆம் ஆண்டில் அம்மணல் தீவில் கலங்கரை விளக்கம் எழுப்பப்பெற்றது. மரச்சட்டம் நாட்டி, அதன்மேல் நாகம் பூசிய இரும்புத் தகடு வேய்ந்து அமைத்த வெண்ணிறக் கோபுரம் அது. நூறாண்டுக்கு மேலாகக் காவலர் தம் குடும்பத்தோடு அங்குத் தங்கி விளக்கைப் பேணினர். 1993-ஆம் ஆண்டில் அது தானே இயங்குமாறு மாற்றப்பட்டது.

நீர்மேல் மிதந்து நோக்குதல்

இற்றைநாளில் அத்தீவுக்குச் செல்வார் பலர், விளக்கின் அடியில் ஆழமற்ற நீரில் மிதந்து பவளத்தைக் காண்கின்றனர். அவர் கொள்ளும் கருவிகள் மூன்றே: கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடிக் கவசம், வாயிற் கவ்வும் மூச்சுக்குழாய், காலில் அணியும் துடுப்பு. அக்குழாயை 'ஸ்நார்க்கல்' என்பர். இது ஜெர்மானியச் சொல்; நீர்மூழ்கிக் கப்பலுக்குக் காற்றூட்டும் குழாய்க்கு இடப்பெற்றுப் பின்னர் நீந்துவார் கருவிக்கும் ஆயிற்று.

ஊர்க்குளத்தில் மூழ்கிக் கண்ணைத் திறந்தார் யாவரும், நீருள் எல்லாம் மங்கித் தோன்றுதலை அறிவர். காற்றினின்றும் கண்ணின் முன்புறப் படலத்துட் புகும்போது ஒளி வளைதலினாலேயே நமக்கு உருவம் தெளிகின்றது. நீரும் அப்படலமும் ஒளியை வளைக்கும் இயல்பில் ஏறத்தாழ ஒத்தவை, ஆதலின் நீருள் அவ்வளைவு நிகழாது, பார்வை தெளியாது. கண்ணாடிக் கவசம் கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை நிறுத்தி அக்குறையை நீக்குகின்றது. ஆயினும் நீரினின்றும் கவசத்தினுட் புகும் ஒளி திரும்பவும் வளைதலால், பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், காற் பங்கு அண்மையாகவும் தோன்றும். கையை நீட்டிப் பவளத்தைத் தொடவில்லை என்று கருதிய புதியோர், காலால் அதனை முறித்துவிடுதலும் உண்டு.

'மூச்சுக்குழாயை ஆறடி நீளமாகச் செய்து கடலடியிலேயே நடக்கலாகாதோ?' என்று வினவலாம். ஆகாது. நீரின் எடை நம்மேல் அழுந்துகின்றது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடை கூடுதலாக ஏறும். மார்பு முழுவதற்கும் கணக்கிட்டால் அது பல கிலோகிராமாகும். குழாயினுள்ளே இருப்பதோ மேற்பரப்பின் காற்று. அத்துணைப் பாரத்தை எதிர்த்து விலாவை விரித்து அக்காற்றை உள்ளிழுக்க நம் தசைகட்கு வலிமை இல்லை. மேலும், குழாய் நீளுந்தோறும் நாம் விட்ட மூச்சே வெளியேறாது அதனுள் தங்கி, மீண்டும் நம்முள் புகும். ஆதலின் குழாய் ஏறத்தாழ ஒன்றேகால் அடியளவே இருத்தல் முறையாயிற்று.

இன்னும் ஒன்று. நீர், ஒளியின் செம்மையை முதலில் விழுங்கும். சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கிக் கருமையுறும். எனவே பவளத்தின் நிறங்களைக் காணுதற்கு ஆழ மூழ்குவாரினும், மேலே மிதப்பாரே பேறுடையார்.

பவளம் என்னும் உயிர்

அங்ஙனம் மிதந்து நோக்குவார் காண்பது யாது? மான்கொம்பு போன்றன, மூளையின் மடிப்புப் போன்றன, மேசைபோற் பரந்தன எனப் பலவகைப் பவளங்கள். கல் இன்றி மெல்லென அசையும் மென்பவளங்கள். வாய் திறந்து கிடக்கும் பெருஞ் சிப்பிகள். கடற்புல்லை மேயும் பச்சை ஆமைகள். அலகாற் பாறையைக் கறித்து மணலாக்கும் கிளிமீன்கள். தீவின் மணலிற் பெரும்பங்கு, பவளமும் சிப்பியும் பொடிந்து உண்டான சுண்ணாம்பே.

பவளம் செடியன்று, கல்லுமன்று, விலங்கு. ஒரு பவளக்கிளை என்பது பல்லாயிரம் சிற்றுயிர் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் ஊர். ஒவ்வோருயிரும் பெரும்பாலும் சில மில்லிமீட்டரே அளவினதாய், ஒரு வாயும் அதனைச் சூழ்ந்த உணர்கொம்புகளும் உடையது. இரவில் அக்கொம்புகளை விரித்து, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடித்து உண்ணும். கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன் அடியில் ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். அக்கிண்ணங்களே தலைமுறை தலைமுறையாகத் திரண்டு பாறையாகின்றன. திரண்டு வளரும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உயரும். ஓர் ஆள் உயரமுள்ள பவளம், நம் பாட்டனார்க்குப் பாட்டனார் பிறக்கும் முன்பே தோன்றியதாகலாம்.

இவ்வுயிரின் தசையினுள்ளே கண்ணுக்குப் புலனாகா நுண்பாசிகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இலக்கக்கணக்கிற் குடியிருக்கின்றன. அவை ஞாயிற்றொளியைக் கொண்டு சர்க்கரை ஆக்கி, அதிற் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கும். பவளமோ அவற்றுக்கு உறையுளும், தன் கழிவினின்று உரமும் தரும். பவளத்தின் பழுப்பும் பசுமையும் பெரும்பாலும் இப்பாசியினால் வருவனவே. விருந்தினர் உழைத்து வீட்டாரை ஊட்டும் இந்நட்பு, உயிர்நூலார் கண்ட வியப்புக்களுட் சிறந்தது.

ஓராண்டு தங்கிய ஆராய்ச்சியாளர்

இந்நட்பின் தன்மையை ஆராயவே, 1928-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிஞர் குழு ஒன்று அவ்விளக்குத் தீவில் வந்து இறங்கிற்று. அதன் தலைவர் சார்லஸ் மாரிஸ் யங் என்பார்க்கு அப்போது வயது 28. எம்மினும் ஒன்பதாண்டே மூத்தவர். அவர் மனைவியார் மாட்டி யங் குழுவின் மருத்துவர். ஷீனா மார்ஷல், சிட்னி மாண்டன், ஆன் ஸ்டீபன்சன் முதலிய பெண்மணிகளும் அக்குழுவில் ஆராய்ச்சி செய்தனர். ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் தமையனாராகிய மைக்கேல் ஸ்பெண்டர், பாறை முழுவதையும் அளந்து படம் வரைந்தார். ஓராண்டுக் காலம் குடிசைகளில் தங்கி, அலைவற்றம்தோறும் பாறைமேல் நடந்தும், காற்றேற்றும் தலைக்கவசம் அணிந்து நீருள் இறங்கியும், எவ்விடத்து எவ்வுயிர் வாழ்கின்றது என்று அவர்கள் குறித்தனர்.

யங் என்பார் பவளங்களை ஒளிபுகாப் பெட்டியில் அடைத்துப் பார்த்தார். பாசிகள் குன்றின, பவளங்கள் வெளிறின, ஆயினும் இரை பெற்றவரை உயிர் வாழ்ந்தன. இதுகொண்டு, பவளம் ஊனுண்ணியே, பாசியால் அதற்கு உணவுப்பயன் இல்லை என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவு பிழைபட்டது. பிற்காலத்தார் கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு, பாசி ஆக்கிய உணவு பவளத்தின் தசைக்குள் சேர்தலை ஐயமற நிறுவினர். முடிவு பிழையாயினும் அவர் எழுதிவைத்த காட்சிகள் பிழையல்ல. உரையாசிரியர் கொண்ட பொருள் மாறினும் அவர் காத்துத் தந்த மூலபாடம் நமக்கு உதவுதல்போல, அக்குறிப்புக்கள் இன்றும் உதவுகின்றன.

அவற்றுட் சிறந்தது ஒன்று உண்டு. 1929-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக் கோடையில் அப்பாறைமேல் நீர் மிக வெம்மையுற்றது. பவளங்கள் பல நிறமிழந்தன, பல மடிந்தன. யங் என்பாரும் அவருடன் உழைத்த நிக்கல்ஸ் என்பாரும் இதனைக் குறித்ததோடு, நீரைச் சூடேற்றி, வெம்மை மிகின் பவளம் தன் பாசிகளை வெளியே உமிழ்ந்துவிடுதலையும் கண்டு 1931-இல் எழுதினர். அப்போது அது பல செய்திகளுள் ஒரு செய்தியே. அதன் பெருமை அறுபது, எழுபது ஆண்டுக்குப் பின்னரே விளங்கிற்று.

வெளுத்தலும் இறத்தலும்

கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை வெப்பம் சில வாரம் நீடித்தாலே, பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள நட்பு முறிகின்றது. பாசி நீங்கியவுடன் தசை கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் வெண்கல் தோன்றும். இதனையே வெளுத்தல் என்பர். ஈண்டு எம் நண்பர் கூற்றுக்கும் ஒரு திருத்தம் வேண்டும்: வெளுத்த பவளம் இறந்த பவளமன்று; பட்டினி கிடக்கும் பவளம். வெம்மை விரைவில் தணிந்தால் பாசி மீளும், உயிரும் தப்பும். தணியாவிடில் பவளம் மடியும். அதன் கல்லின்மேல் வேறு பாசி படர்ந்து கறுக்கும்.

1929-இல் ஒரு சிறு தீவிற் கண்டது, 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அப்பெருந்தொடரின் பரந்த பகுதிகளில் நிகழ்ந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வானில் விடும் கரியமிலவாயுவால் கடல் வெப்பமுறுதலே இதற்கு முதற்காரணம். ஒரு வெளுப்பினின்றும் பாறை முற்றத் தேறுதற்குப் பத்தாண்டேனும் வேண்டும். ஈராண்டுக்கு ஒருமுறை நோய் வரின் தேறுதல் எங்ஙனம்?

யங் குழுவினர் ஆராய்ந்த அதே தீவுக்குப் பிற்காலத்து அறிஞர் சென்று, பழைய குறிப்போடு ஒப்பிட்டு, 2019-இல் தம் முடிபை வெளியிட்டனர். 1928-இல் இருந்த உயிர்க்கூட்டம் பெரிதும் மாறிவிட்டதென்றும், பழைய நிலைக்கு அது மீண்டதற்கு அறிகுறி மிகச் சிலவே என்றும் அவர்கள் கண்டனர். வெம்மை மட்டுமன்று, ஆறுகள் கொணரும் வண்டல், புயல் முதலியனவும் அப்பக்கத்துப் பவளங்களை நலிவிக்கின்றன. ஸ்பெண்டரின் படமும் ஏனையோர் கணக்கும் இல்லையாயின், இன்று அங்கு மிதப்பவர், 'ஆகா, எத்துணை அழகு!' என்று கூறித் திரும்புவரேயன்றி, முன்னிருந்தது யாது, இழந்தது யாது என்று அறியார். அறியாதார்க்கு இழப்பும் இழப்பாகத் தோன்றாது.

நம் கடல்

இச்செய்தி அயல்நாட்டுக் கடலோடு நில்லாது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் உண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நெடுங்காலம் அப்பவளங்கள் பெயர்க்கப்பட்டன. 1986-ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. எனினும் அரணாக நின்ற பாறையை இழந்த தீவுகளை அலை அரித்தது. அவற்றுள் இரண்டு நீர்மட்டத்துக்குக் கீழே சென்றுவிட்டன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கும் பவளங்கள் பரவலாக வெளுத்தன.

பவளத்தைக் காணச் செல்லும் பேறு வாய்ப்பின், நாம் மறவாதிருக்க வேண்டுவன சில: பவளத்தின்மேல் நில்லற்க, கையால் தொடற்க, துடுப்பை மணலருகே உதைத்துப் புழுதி எழுப்பற்க, துணையின்றி நீந்தற்க, நினைவுப்பொருள் என்று ஒரு துண்டையும் எடுத்து வரற்க. ஆனால் இவை மட்டும் போதா. கண்டதனை நாளும் ஆண்டும் இட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதுவே பின்வருவார்க்கு நாம் ஏற்றும் விளக்கு.

முடிவுரை

பாறையினின்றும் கப்பலைக் காக்க 1878-இல் மக்கள் ஒரு விளக்கு ஏற்றினர். இன்று மக்களினின்றும் பாறையைக் காக்கும் விளக்கு வேண்டப்படுகின்றது. அவ்விளக்கின் திரி, ஐம்பதாண்டு கழித்து அதே தீவிற் குடிசை கட்டி வாழ்ந்தோர் எழுதிய குறிப்பேடுகளில் உளது.

இத்துணையும் கற்றபின் யாம் மீண்டும் காட்சிசாலைக்குச் சென்றோம். பேழையின்மேற் பவளத்தின் இலத்தீன் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது. எக்கடலினின்று, எவ்வாண்டில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லை. பழைய பதிவேட்டை நண்பரோடு தேடினோம், கிடைத்திலது. அதனை இனி எவரும் அறியவொண்ணாது. விலங்குநூற் பேராசிரியரின் இசைவு பெற்று, ஒரு சிறு சீட்டைத் தமிழில் எழுதி அப்பேழையில் ஒட்டியுள்ளோம்: "இது பவளத்தின் எலும்பு. உயிருள்ளபோது இது வண்ணமுடையது." அதன்கீழ் அன்றைய நாளும் ஆண்டும் இட்டோம். நூல்நிலையம் செல்லும் அன்பர் ஒருமுறை நின்று அதனைப் படிப்பாராக.